உறவுமுறை என்றொரு கட்டம்

என் கழுத்தில் கிடந்த மஞ்சள் அட்டையைக் கழற்றிக்கொண்டு போனவன் பெயர் சதீஷ். நல்ல பையன்தான். தலை சீவின விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இருந்தாலும் அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையிருப்பவனைப் பைஸ்டாண்டர் என்பார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு பைஸ்டாண்டர், அவனுக்கு ஒரு மஞ்சள் அட்டை. அட்டை இருப்பவன் கட்டிலுக்கு அடியில் துண்டு விரித்துப் படுக்கலாம், மூத்திரக் குடுவையை எடுத்துக் கொட்டலாம், டாக்டர் திட்டினால் நோயாளிக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளலாம். அட்டை இல்லாதவன் மாலை நாலிலிருந்து ஆறு வரை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். நான் இரண்டு நாள் முதல் சாதியாக இருந்தேன். அப்புறம் ஆறு நாள் ஆரஞ்சுப் பழச் சாதி.

இதற்கெல்லாம் காரணம் ஒரு பல்பு. எங்கள் ஊர் எல்லையோரத்து எருத்தேன்பதி; அங்கே எங்கள் தோப்பில் அறுபத்திரண்டு தென்னை. பெரியமுத்து அதில் காலையும் மாலையும் ஏறிக் கள் இறக்குகிறவன். அவன் ஏறுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவனுடைய நிழல் பாதி மரத்திலேயே நின்றுவிடும். இறங்கும்போது அதையும் கூட்டிக்கொண்டு வருவான். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் ஏறியும் ஒரு சிராய்ப்பு இல்லை. அப்படிப்பட்டவன், அறுபத்துநாலு வயதில், அடுக்களை பல்பை மாற்றுகிறேன் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான்.

கேரளத்துச் சித்தூருக்குப் போகிற வழியில் இருந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். முன்னால் கண்ணாடிக்குப் பின்னே சதீஷ் கம்ப்யூட்டரோடு இருந்தான். பேர், வயது, ஆதார் எல்லாம் கேட்டான். அதற்கப்புறம் அந்தக் கட்டத்துக்கு வந்தான்.

“பந்தம்?” என்றான்.

“என்னங்க தம்பி?”

“ரோகிக்கு நீங்க யாரு? என்ன உறவு? பந்தம் இல்லாத ஆளுக்கு பாஸ் இல்ல.”

உள்ளே பெரியமுத்து வலியில் மரங்களின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் வந்தால் மனிதர்களைத் திட்ட மாட்டான், மரங்களைத்தான் திட்டுவான். எனக்கு யோசிக்க நேரமில்லை.

“அளியனுங்க,” என்றேன். “என்ற பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன்.”

“உங்க வீட்டுக்காரி?”

“செத்துட்டாளுங்க.”

அதில் பாதி உண்மை. வேலாத்தாள் செத்தது உண்மை.

அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உள்ளது ஒன்றைக் கேட்டால் நான் வேறு ஒன்றைச் சொல்வேன். கெட்ட எண்ணம் கிடையாது. கேட்கிறவர்களுக்கு உள்ளது போதுமானதாக இருக்காது என்ற அக்கறைதான்.

உள்ளது என்னவென்றால் இதுதான். வேலாத்தாள் காய்ச்சலில் போய் மூன்று வருஷம் கழித்து, இடுக்கி எஸ்டேட்டிலிருந்து வேலை தேடி இறங்கி வந்த பெரியமுத்து எங்கள் தோப்பில் சேர்ந்தான். தோப்புக்குள் இருந்த ஓலைச் சாளையில் தங்கியிருந்தான். ஒரு ஐப்பசி மழையில் சாளை ஒழுகியது. வீட்டுக்குள் வந்து படு என்றேன். வந்தான். வந்தவன் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. இதைவிடச் சின்னக் கதையை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. ஆகவே யாரிடமும் சொல்லவுமில்லை.

ஆனால் ஊர் கேட்கும். ஒரு ஆண்பிள்ளை வீட்டில் இன்னொரு ஆண்பிள்ளை எதற்கு என்று கேட்கும். கேட்டவர்களுக்கு ஏற்றபடி கொடுத்தேன். வேலாத்தாள் வகையறாவிடம், தோப்புக்குள் சிறுத்தை வருகிறது, இவன் காவல்காரன் என்றேன். அந்தச் சிறுத்தைக்கு ஒரு காது இல்லை என்பதுவரை சொல்லியிருந்தேன். ரேஷன் கடைக் கோபிநாத்திடம், இவன் என் சொந்தத் தம்பி, நாலு வயதில் பழனித் தைப்பூசக் கூட்டத்தில் தொலைந்தவன், முதுகிலிருந்த மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்தேன் என்றேன். கோபிநாத் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, அலைந்து திரிந்து அவன் பெயரை எங்கள் கார்டில் ஏற்றிக் கொடுத்தான். கோயில் கமிட்டிப் பூபதிராஜாவிடம், இவன் அம்மனுக்கு நேர்ந்துகொண்டவன், பெண் வாசமே படாத விரதம் என்றேன். பன்னிரண்டு வருஷமாகப் பெரியமுத்துவுக்குத்தான் முதல் பிரசாதம்.

அவரவர்க்கு அவரவர் பெரியமுத்து. ஒருவர் பெரியமுத்துவை இன்னொருவர் பார்க்காதபடி முப்பத்தொரு வருஷம் நான் பார்த்துக்கொண்டேன். அது தென்னை ஏறுவதைவிடக் கஷ்டமான வேலை.

எங்கள் பக்கம் ஒருவன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் ஊரில் பாதிப்பேர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போகாவிட்டால் அதை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. பதற்றத்தில் மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சதீஷின் கண்ணாடி முன்னால் பூபதிராஜாவும் கோபிநாத்தும் ஒன்றாக வந்து நின்றார்கள். நான் மருந்துச் சீட்டோடு அந்தப் பக்கம் வந்தவன், தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

பூபதிராஜா தொடங்கினார். “ஏனுங் தம்பி, எங்க சாமிக்கு ஆம்பளை நர்சாப் பாத்துப் போடோணுமுங்க. பொம்பளை கை பட்டா விரதம் போயிருமுங்க.”

“எந்த சாமி?”

“பெரியமுத்து சாமிங்க. இடுப்பு ஒடஞ்சவரு.”

கோபிநாத் திரும்பிப் பார்த்தான். “என்னது, சாமியா? அது நம்ம மாரப்பண்ணனோட தம்பியாச்சேங்க. பழனியில தொலைஞ்சு போன தம்பி.”

“தம்பியா?” என்றான் சதீஷ். கம்ப்யூட்டரைப் பார்த்தான். “அளியன்னுதானே சொன்னாரு? பொண்டாட்டியோட ஆங்ஙள, கூடப் பொறந்தவன்.”

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் தூணைப் பார்த்தார்கள். என் வயிறு தூணைவிட அகலம்.

“மாரப்பண்ணா,” என்றான் கோபிநாத். “அந்த மச்சம்?”

“மச்சம் இருக்குதுடா,” என்றேன். “மச்சம் நெசந்தான்.”

சதீஷ் அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வார்டுக்குப் போய்ப் பெரியமுத்துவின் போனை எடுத்து, அதில் இருந்த ‘முனீஸ் மூணார்’ என்ற பெயரைக் கூப்பிட்டான். பெரியமுத்து ஊசி மயக்கத்தில் இருந்தான்.

மறுநாள் காலை முனீஸ்வரன் வந்து இறங்கினான். பெரியமுத்துவின் அண்ணன் மகன். சுற்றுலாக்காரர்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் வைத்திருக்கிறான். வந்தவன் ஆதார் அட்டையைக் காட்டினான். அவன் சொன்ன தாத்தா பேரும் எஸ்டேட் பேரும் பெரியமுத்துவின் விவரங்களோடு பொருந்தின.

“நீங்க ரோகிக்கு?”

“அவுக எங்க சித்தப்பா.”

“இவரு?”

முனீஸ்வரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “இவரு தோட்டத்துக்கு மொதலாளி. எங்க சித்தப்பா இவருகிட்டக் கூலிக்கு மரம் ஏறுனாரு. அம்புட்டுத்தான்.”

அப்போதுதான் சதீஷ் எழுந்து வந்து என் கழுத்து அட்டையைக் கழற்றினான். மரியாதையாகத்தான் கழற்றினான், ‘சாரி சேட்டா’ என்றுகூடச் சொன்னான். முப்பத்தொரு வருஷத்தை அந்தக் கயிற்றோடு சேர்த்துச் சுருட்டி மேஜை இழுப்பறைக்குள் போட்டான். அந்த இழுப்பறையை அவன் மூடின சத்தத்தில் எனக்கு இப்போதும் பல் கூசுகிறது.

வராந்தாவில் முனீஸ்வரனைப் பிடித்தேன். “ஏந் தம்பி, ஆபரேசன் முடியற வரைக்குமாவது நான் பக்கத்துல இருக்கறனே.”

“எதுக்கு? போதும்யா. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காதீக. வருசத்துக்கு ஒரு தடவ பொங்கலுக்கு வருவாரு, ரெண்டாம் நாளே கிளம்பணும்பாரு. ஒரு பொண்ணு பாத்தா ஓடிருவாரு. இங்கன என்ன நடக்குன்னு எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல பேசுறாக. அந்த வார்த்தைய என் வாயால சொல்ல மாட்டேன்.”

“சொல்லு. எனக்கும் தெரிஞ்சுக்கோணும். முப்பத்தொரு வருசமா அந்த வார்த்தையத்தான் நானும் தேடிட்டு இருக்கறேன்.”

“அசிங்கம் பிடிச்ச கிழவன்!” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அவன் கழுத்தில் மஞ்சள் அட்டை ஆடியது. நான் தேடின வார்த்தை அது இல்லை.

ஆபரேஷனுக்கு அவன்தான் கையெழுத்துப் போட்டான். நான் மருந்துக்கடை முன்னால் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு அவ்வளவு சூடு. ஒரு அம்மா தெரியாமல் மாவுப் பாத்திரத்தை அதன்மேல் வைத்து, எடுக்கும்போது இட்லியாக இருந்தது.

அங்கேதான் பின்சி வந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு பேசுவதற்கென்று வைத்திருக்கிற பெண். கோயமுத்தூரில் படித்தவளாம், தமிழ் நன்றாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அங்கிள், எனக்குப் புரியுது. இங்க உங்களுக்குப் பயம் வேண்டாம். சட்டமே மாறிப்போச்சு. நீங்களும் அந்த அங்கிளும்… நீங்க எப்படி உங்களைச் சொல்லுவீங்க?”

“மாரப்பன்னு சொல்லுவனுங்க.”

“அதில்ல அங்கிள்.” போனைத் திறந்து காட்டினாள். கலர் கலராகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பேர். சிலது மலையாளத்தில், சிலது இங்கிலீஷில், கீழே தமிழில் விளக்கம். தமிழ்ப் பேர் ஒன்றை வாசித்து முடிப்பதற்குள் ஒரு நோயாளி வந்து சேர்ந்து குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்.

“ஆணுக்கு ஆணைப் பிடிக்கும். இதுவா?” என்றாள்.

“எனக்கு வேலாத்தாளப் புடிச்சுதுங்களே. அவ போனப்ப நாலு மாசம் சோறு எறங்கலீங்க.”

“அப்போ ரெண்டு பேரையும் பிடிக்கும். இது.” வேறு கலர்.

“ரெண்டு பேரையும்னா? உலகத்துல இருக்கற ஆம்பளை பொம்பளை அத்தனை பேரையுமா? எனக்குப் பாதிப்பேரு மூஞ்சியே புடிக்கறதில்லைங்க. ஒரு பொம்பளையப் புடிச்சுது. ஒரு ஆம்பளையப் புடிச்சுது. அத்தோட கணக்கு முடிஞ்சுதுங்க.”

“ஓ,” என்றாள். கீழே தள்ளினாள். “அப்படியும் ஒண்ணு இருக்கு அங்கிள். மனசு ஒட்டினாதான் மத்தது.”

“பத்துப் பன்னெண்டு வருசமா மத்ததும் இல்லைங்க. குறட்டைதான்.”

“அதுக்கும் இருக்கு!” என்றாள். கண் மின்னியது.

எனக்குக் கோபம் வந்தது. முனீஸ்வரன்மேல் வந்ததைவிட அதிகமாக வந்தது, ஏனென்றால் இந்தப் பெண் நல்லவள். அசிங்கம் என்கிறவனைத் திருப்பித் திட்டலாம். கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கும் ஒரு கட்டம் இருக்கிறது வா என்று அன்பாகக் கூப்பிடுகிறவளை என்ன செய்வது?

“பாப்பா,” என்றேன். “எங்க தோப்புல கலால்காரங்க வந்து கள்ளு எறக்கற மரத்துக்கெல்லாம் பெயிண்டுல நம்பர் போட்டுட்டுப் போவாங்க. மரத்துக்கு ஒரு நட்டமும் இல்லைங்க. மரம் அதைப் படிக்கறதில்ல. எனக்கு அந்த மஞ்சள் அட்டை வேணும். அதுக்கு எந்த நம்பர் போடோணும், அதைச் சொல்லு.”

அவள் யோசித்தாள். ‘பார்ட்னர்’ என்று இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், மேலே பேசி அட்டை வாங்கித் தருவதாகச் சொன்னாள். ‘கழுதை’ என்று எழுதியிருந்தாலும் நான் போட்டிருப்பேன். போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். தாளில் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. தாள் கசங்கியிருந்தது.

“அந்த அங்கிள் ஒத்துக்கல. ‘நான் இது இல்ல’ன்னு தூக்கிப் போட்டுட்டாரு.”

அதற்கப்புறம் ஆறு நாளும் நாலு மணிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். ஆறு நாளும் பெரியமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஆபரேஷன் ஆனவன் என்பதால் திரும்ப முடியவில்லை என்று நர்ஸ் சொன்னாள். முனீஸ்வரன் வெளியே போனதும் திரும்புகிறான், நான் வந்ததும் சுவர்ப்பக்கம் போகிறான் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். நான் பக்கத்துக் கட்டில்காரரைத்தான் நம்பினேன். ஐந்தாம் நாள் அவன் முதுகைப் பார்த்து, “நாளான்னிக்கு டிஸ்சார்ஜாம். முனீஸு உன்னய மலைக்குக் கூட்டிட்டுப் போறானாம். நீ போறயா?” என்று கேட்டேன். முதுகு சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. உரித்து வைத்த ஆரஞ்சை எறும்புக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிஸ்சார்ஜ் நாள். காலை பதினொரு மணி. வாசல் போர்ட்டிகோவில் முனீஸ்வரன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் மெத்தை போட்டிருந்தான். பெரியமுத்துவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் தூணோரம் நின்றேன். இந்தத் தடவை ஒளியவில்லை. பூபதிராஜா விபூதியோடு வந்திருந்தார். கோபிநாத் பெட்டி ஆட்டோவில் வந்து, என்னோடு பேசாமல் தள்ளி நின்றான். பின்சி கதவருகில். சதீஷ் கடைசித் தாளோடு வந்தான்.

“யாரு கூட்டிட்டுப் போறது? பந்தம் எழுதி ஒப்பு, கையெழுத்து வேணும்.”

“நான்தான். அண்ணன் மகன்,” என்று முனீஸ்வரன் பேனாவை வாங்கினான்.

“பொறுடா,” என்றான் பெரியமுத்து.

ஆறு நாளில் அவன் குரலை அப்போதுதான் கேட்டேன். நாற்காலியைத் திருப்பச் சொன்னான். என்னைப் பார்க்கிற மாதிரி திருப்பினார்கள். முகம் ஒட்டிப்போயிருந்தது. கண் மட்டும் மரத்தைத் திட்டும்போது இருப்பதுபோல இருந்தது.

“யோவ்,” என்றான்.

ஊர் முன்னால் அவன் என்னை யோவ் என்றது அதுதான் முதல் தடவை. பூபதிராஜாவின் விபூதி கொஞ்சம் சிந்தியது.

“எல்லாரும் வந்து நான் யாருன்னு எனக்கே சொல்லிட்டுப் போயிட்டாக. இந்தா இவுக வந்து காலத் தொட்டுக் கும்புடுறாக. கோபிநாத்து முதுகத் திருப்பி மச்சத்தப் பாத்து அழுவுறாரு. அந்தப் புள்ள ஒரு தாளக் கொண்டாந்து, நீங்க இதுதான், போடுங்கன்னு சொல்லுது. இவன் கூலிக்காரன்ங்கான். அம்புட்டுப் பேருக்கும் நீ ஒரு கதை குடுத்திருக்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? முப்பத்தொரு வருசத்துல நான் யாருன்னு ஒரு ஆளுகிட்ட, ஒரே ஒரு ஆளுகிட்ட, உள்ளதச் சொல்லிருக்கியா? இப்பச் சொல்லு. சொன்னா உங்கூட வாரேன். இல்லைன்னா இவன் ஜீப்புல ஏறிப் போய்க்கிட்டே இருப்பேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் தானாகத் திறந்தது. “அது வந்துங்க, ஒரு ஐப்பசி மாசம், மழைன்னா மழை, கெணத்துத் தண்ணி எந்திரிச்சு ரோட்டுல நடந்து போகுது…”

“கதை வேண்டாம்னேன்!” நாற்காலியின் கையைக் குத்தினான். வலியில் முகம் கோணியது. “முனீசு, தூக்குடா. போவோம்.”

முனீஸ்வரன் குனிந்தான். பெரியமுத்துவின் கை அவன் தோள்மேல் விழுந்தது. எட்டு நாளாக எனக்குள் அடியில் கிடந்தது மேலே வந்தது.

“எனக்குத் தெரியாதுடா!” என்று கத்தினேன். மருந்துக்கடை வரிசை திரும்பிப் பார்த்தது. “பேரு தெரியாது! தெரிஞ்சா சொல்ல மாட்டனா? வேலாத்தாளப் புடிச்சுது, அது பொய்யில்ல. அவ போனா. அப்பறம் உன்னயப் புடிச்சுது, அதுவும் பொய்யில்ல. முப்பத்தொரு வருசமா ஒரே பாயில படுக்கறோம். நீ இருமுனா எனக்குத் தூக்கம் கெடுது. நீ இல்லீன்னா அதைவிடக் கெடுது. எட்டு நாளா நான் தூங்குல. அந்தப் பெஞ்சுல உக்காந்து, உள்ள நீ செத்துப்போனாக்கூட நாலு மணிக்குத்தான் எனக்குச் சொல்லுவாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். இதுக்கு என்ன பேரோ அதைய இந்தப் பையன் எழுதிக்கட்டும். பேரு இல்லீன்னா அந்தக் கட்டத்தக் கிழிச்சு அடுப்புல போடட்டும். என்ற ஆளை என்னோட அனுப்புங்கடா!”

மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் சில்லறை வாங்காமல் நின்றான். பின்சி கண்ணைத் துடைத்தாள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

பெரியமுத்து கையை முனீஸ்வரன் தோளிலிருந்து எடுத்தான்.

“இம்புட்டுத்தான,” என்றான். “இதுக்கு முப்பத்தொரு வருசமா?”

முதலில் அசைந்தது பூபதிராஜா. விபூதிப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அப்ப அந்த விரதமுங்க?” என்றார். “பன்னெண்டு வருசம்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். அந்தப் பன்னிரண்டு வருஷத்து முதல் பிரசாதத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கமிட்டியில் தீர்மானம் போட்டிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவர்களே சொல்லட்டும்.

முனீஸ்வரன் முகம் கறுத்துவிட்டது. “சித்தப்பா, எம் மகளுக்கு மாப்பிள பாத்துக்கிட்டிருக்கோம். நாளைக்கு யாரும் கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

“உள்ளதச் சொல்லு. அதுவும் முடியலையா, செத்துட்டான்னு சொல்லு.”

அவன் ஜீப்பில் ஏறினான். எஞ்சினைப் போட்டான். பிறகு இறங்கி வந்து, பின்னால் ஏற்றியிருந்த வாக்கரை எடுத்து நாற்காலி பக்கத்தில் வைத்தான். எங்கள் இருவரில் ஒருவரையும் பார்க்கவில்லை. போய்விட்டான்.

சதீஷ் மட்டும் தாளோடு நின்றுகொண்டிருந்தான். அவன் கவலை அவனுக்கு. “அப்ப பந்தம்னு என்ன எழுதறது?”

“பார்ட்னர்,” என்றாள் பின்சி வேகமாக.

“வேண்டாம் தாயி,” என்றான் பெரியமுத்து. “நீ நல்ல புள்ள. ஆனா அது நான் இல்ல. காலியா விட்டுரு.”

“காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது,” என்றான் சதீஷ். உள்ளே போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். “கடைசியில ‘மற்றவை’ன்னு ஒண்ணு இருக்கு. அது எடுக்குது.”

மற்றவை. சித்தப்பா, மாமா, அளியன், முதலாளி, அக்கம்பக்கம் எல்லாம் முடிந்து, மிச்சத்தைக் கூட்டித் தள்ளுகிற மூலை. நாய்க்கு ஊசி போடுகிற சீட்டில்கூட நாய் என்று எழுதுகிறார்கள். எனக்கு மறுபடி கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் பெரியமுத்து தாளை வாங்கிக்கொண்டான்.

“என் இடுப்பு. என் கையெழுத்து,” என்று சொல்லிப் போட்டான்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தபிறகுதான் எங்களுக்கு வண்டி இல்லை என்று தெரிந்தது. அப்போது கோபிநாத் பெட்டி ஆட்டோவைப் பின்னுக்கு எடுத்து நாற்காலி முன்னால் நிறுத்தினான். இறங்கி வந்து பெரியமுத்துவை நானும் அவனும் வார்டு ஆளுமாகத் தூக்கி, பின்னால் கிடந்த காலிச் சாக்குகளின்மேல் படுக்க வைத்தோம். நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து வாக்கரை அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

நல்லேப்பிள்ளி ஊரைத் தாண்டினதும் கோபிநாத் முன்னாலிருந்தே கத்த ஆரம்பித்தான்.

“நீங்க எவங்கூட வேணும்னாலும் இருங்க மாரப்பண்ணா. அது உங்க ஊடு. ஆனா பழனின்னு ஏன் சொன்னீங்க? எங்கம்மா அந்தக் கதையக் கேட்டுட்டு வருசா வருசம் தைப்பூசத்துக்கு உங்க தம்பி கெடச்சதுக்குன்னு பால்குடம் எடுத்தா. செத்த வருசம்கூட எடுத்தா! எங்கிட்ட உள்ளதச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? கார்டுல பேரு ஏத்தியிருக்க மாட்டனா? என்னைய அத்தனை கேவலமா நெனச்சீங்களா?”

அவன் பள்ளத்தைப் பார்க்காமல் ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெரியமுத்து ஒரு மரத்தைத் திட்டினான். பதினேழாம் மரத்துக்கு வந்தபோது நிறுத்தி, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“பாயாம்ல, பாயி.”

“என்ன?”

“ஒரே பாயில படுக்கோம்னு ஆஸ்பத்திரி பூராக் கேக்கக் கத்துறியே. கட்டில் வாங்கி ஒம்பது வருசமாச்சு. தேக்குக் கட்டிலு. கொல்லங்கோட்டுச் சந்தையில நான் நின்னு தட்டித் தட்டிப் பாத்து வாங்குனது. பாயில கெடக்குற பயலுகன்னு நெனைச்சிருப்பாக. அந்தப் புள்ள வேற கேட்டுக்கிட்டு இருந்துச்சு.”

“கோவத்துல வாய்ல வந்துதுடா.”

“உள்ளதச் சொல்லுன்னா, அதுலயும் ஒண்ணக் கலக்காம உன்னால முடியாது.”

ஆட்டோ சட்டென்று நின்றது. கோபிநாத் சீட்டிலிருந்து முழுதாகத் திரும்பினான். முகமெல்லாம் வேர்வை.

“அப்ப அந்தப் பாயும் பொய்யா மாரப்பண்ணா?”